உங்கள் கணக்கில் நான் ஒரே ஒரு ஆள்

அரசுச் சேவை இணையதளங்களை நடத்தும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். தாலுகா அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஐந்து கம்ப்யூட்டரும் வைத்துக் கடை நடத்துகிறவன் நான். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, வில்லங்கம் என்று யார் எது கேட்டு வந்தாலும் உங்கள் தளங்களைத் திறந்து விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. அதற்கு முன் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, இணையதளத்தின் இரண்டு பக்கமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். பின்னால் பதிவேட்டில் என்ன விழுகிறது என்பதும் தெரியும், முன்னால் அதே நேரத்தில் ஒரு அம்மா பர்ஸிலிருந்து ரேஷன் கார்டைத் தேடி எடுத்துக்கொண்டிருப்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தளங்கள் பலவற்றின் அடியில் ஒரு எண் ஓடுகிறது. 'பார்வையாளர் எண்ணிக்கை' என்று போட்டு, பழைய வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்து. அந்த எண்ணைப் பற்றி ஒரு குற்ற ஒப்புதலோடு ஆரம்பிக்கிறேன். சென்னை வேலைக்காலத்தில் அப்படி ஒரு கவுன்டரை நானே எழுதியிருக்கிறேன். 'பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் அசிங்கமாக இருக்கும் தம்பி, ஒரு லட்சத்திலிருந்து வையுங்கள்' என்றார் தளத்தின் சொந்தக்காரர். வைத்தேன். பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் எண் ஒன்று கூடும். டீ வரும் நேரத்தில் சும்மா எஃப்5 பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்போம். அந்த எண்ணை ஆண்டறிக்கையில் போட்டு அவர்கள் பாராட்டு வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக என் கடைக் கணக்கையே உங்களுக்குச் சொல்கிறேன். என் கடையில் ஐந்து கம்ப்யூட்டர். உங்கள் தளத்தை அளக்கும் மென்பொருள் ஒவ்வொரு பிரவுசரிலும் குக்கி என்ற ஒரு சின்ன அடையாளச் சீட்டை வைத்துவிட்டு, அடுத்த முறை அதே சீட்டைக் கண்டால் 'பழைய ஆள்' என்று குறித்துக்கொள்ளும். அப்படியானால் இத்தனை ஆண்டில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற கிழவி, கல்லூரிப் பிள்ளை, நிலத்தகராறுக்காரர் எல்லோரும் சேர்ந்து உங்களுக்கு ஐந்தே பேர். கூட்டமில்லாத நாளில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வேலை நடக்கும். அன்றைக்கு ஊரே சேர்ந்து ஒரே ஒரு ஆள்.

இதற்கு நேர்எதிராகவும் நடக்கும். தளம் பாதியில் நின்றுவிட்டால் உதவி எண்ணுக்குப் போன் போடுவேன். 'கேஷ் கிளியர் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க சார்' என்பார்கள். பிரவுசர் சேமித்து வைத்திருப்பதையெல்லாம் துடைப்பேன். அந்தத் துடைப்பில் குக்கியும் போய்விடும். மறுபடி உள்ளே போகும்போது நான் உங்களுக்குப் புத்தம்புதிய பார்வையாளர். உங்கள் தளம் பழுதாகப் பழுதாக உங்கள் 'புதிய பார்வையாளர்' எண்ணிக்கை ஏறுகிறது என்பதை யாராவது அலுவலகக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்களா?

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் கொடுக்கும் எண்ணான ஐ.பி. முகவரியை வைத்து எண்ணலாமே என்றால் அதுவும் இப்படித்தான். செல்போன் நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்து அனுப்புகின்றன. அதே போன் அடுத்த மணி நேரத்தில் வேறு முகவரியோடு வரும். விண்ணப்பத்தின் நடுவில் 'ஆதார் வீட்டில் இருக்கிறது' என்று ஒருவர் எழுந்து போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால், அரை மணி நேரம் அசைவில்லை என்று மென்பொருள் முதல் வருகையை மூடிவிட்டு இரண்டாவது வருகை என்று எழுதிக்கொள்ளும். 'ஹிட்ஸ்' என்ற சொல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பக்கத்துக்கு ஒன்று, அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று என்று விழும். ஒரு பக்கத்தில் முப்பது படம் இருந்தால் ஒருவர் ஒருமுறை பார்த்ததற்கு முப்பத்தோரு ஹிட். கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி, பந்தியில் இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்கிற கணக்கு அது.

அளப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் எண்ணுவது வாசலில். நான் பார்க்கிற சங்கடமெல்லாம் பந்தியில்.

போன ஆண்டு பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். ஒரு பெண் பிள்ளை, அம்மாவோடு வந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும், கவுன்சலிங்குக்கு. வீட்டிலேயே செல்போனில் மூன்று நாள் முயன்று பார்த்திருக்கிறது. விவரமெல்லாம் நிரப்பி, நான்காவது படியில் மாற்றுச் சான்றிதழை ஏற்றும்போது 'தவறான கோப்பு' என்று சிவப்பில் ஒரு வரி. அளவு சரிதான், வகையும் பி.டி.எஃப்.தான். என்ன தவறு என்று அந்த வரி சொல்லவில்லை. நானும் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், ஒரே கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் போன் அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று போடுமே, அந்த அடைப்புக்குறிதான் குற்றம். பெயரை மாற்றினேன், ஏறிவிட்டது. அன்று முதல் என் கடையில் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் பெயரை மாற்றிவிடுவேன். இருபது ரூபாய் வாங்குகிறேன். அந்த இருபது ரூபாய் உங்கள் தளத்தில் இருக்கும் ஒரு அடைப்புக்குறியின் விலை. என் வருமானம் கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் மூன்று நாளும் உங்கள் சர்வர் பதிவேட்டில் இருந்திருக்கும். பதிவேடு என்றால் ஏதோ பெரிய விஷயமில்லை. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி. எந்த முகவரியிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டது, கொடுத்தோமா இல்லையா, எத்தனை பைட் கொடுத்தோம், அவ்வளவுதான். பெரும்பாலும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், என்ன பிரவுசர் என்பதும் கூடவே இருக்கும். 'கொடுத்தோமா' என்பதற்கு ஒரு எண். 200 என்றால் கொடுத்தாயிற்று, 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை, 500 என்றால் எங்கள் பக்கமே கோளாறு. நான்காம் படிக்கு வந்தவர்கள் எத்தனை, ஐந்தாம் படிக்குப் போனவர்கள் எத்தனை என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். அங்கே ஏதோ பள்ளம் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தச் சிவப்பு வரியைக் காட்டியது சர்வரா, அல்லது பக்கத்தோடு போனுக்குள் வந்த நிரலா என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிழை பதிவேட்டில் விழும். போனுக்குள்ளேயே சோதித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் சர்வருக்கு ஒன்றும் தெரியாது. பதிவேட்டில் அமைதி. 'நான்காம் படியில் பிழைச் செய்தி காட்டப்பட்டது' என்று பக்கமே ஒரு சின்னத் தகவல் அனுப்பும்படி தனியாக எழுதி வைக்க வேண்டும். சில வரி நிரல்தான். இப்படிப் பக்கத்துக்குள் நிரல் வைத்து அளப்பதற்கும் குறை உண்டு. நெட் மெதுவாக இருந்து பக்கம் முழுதாக வருமுன் மூடிவிட்டவர்களும், விளம்பரத் தடுப்பான் போட்டவர்களும் அதில் விழமாட்டார்கள். பதிவேட்டிலோ கூகுள் முதலான தேடுபொறிகள் அனுப்பும் ரோபோக்களும் ஆட்களோடு ஆட்களாகக் கலந்து நிற்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றால் மற்றதைச் சரிபார்ப்பதுதான் நான் கற்ற வழி.

வாசலில் எண்ணுவதற்கும் பந்தியில் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்க அரசு பட்டுத் தெரிந்துகொண்டது. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர்.கவ் என்ற தளத்தைத் திறந்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் 47 லட்சம் பேர் வந்ததாக அரசு அறிவித்தது. வாசல் கணக்கில் அது மாபெரும் வெற்றி. சில வாரம் கழித்து உள்குறிப்புகள் வெளியே வந்தன. அந்த முதல் நாளில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். லட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை. என் கடையில் ஒரு மந்தமான காலை நேரத்தில் முடிகிற வேலை.

அங்கே நடந்ததில் இரண்டு விஷயம் உங்களுக்கும் பொருந்தும். திட்டங்களைச் சும்மா பார்ப்பதற்கே முதலில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குத் தொடங்கும் படியில்தான் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. நம்மூரிலும் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று பார்ப்பதற்கே ஓ.டி.பி. கேட்கிற தளங்கள் உண்டு. இன்னொன்று, தளத்தை மீட்க வெளியிலிருந்து போன குழு பார்த்தபோது, உள்ளே இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும் பலகை ஒன்றுகூட அங்கே இல்லை. அவர்கள் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அப்படி ஒரு பலகையை உண்டாக்கியது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வீட்டில் ஜன்னல் வைக்க மறந்த கதை.

பிரிட்டன் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டது. 2012 அக்டோபரில் கவ்.யூகே என்ற ஒரே தளத்தின் கீழ் துறைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அப்போது வடிவமைப்புக்கு எழுதி வைத்த கொள்கைகளில் தரவை வைத்து வடிவமை என்பதும் ஒன்று. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் ஒவ்வொரு சேவைக்கும் வெளியிடச் சொன்ன நான்கு அளவுகள். ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு, பயன்படுத்தியவரின் திருப்தி, நேரில் போகாமல் இணையவழியாக வருகிறவர் பங்கு, ஆரம்பித்தவர்களில் முடித்தவர் எத்தனை பேர். பார்வையாளர் எண்ணிக்கை அந்த நான்கில் இல்லை. ரேஷன் கடையில் வரிசையில் நின்றவர் எத்தனை என்பதை யார் கேட்கிறார்கள்? அரிசி வாங்கிக்கொண்டு போனவர் எத்தனை என்பதுதானே கேள்வி.

இப்படிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்கு அளவுக் கருவி போட்டுக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் பத்திரிகைக்கும் கடைக்கும் செய்த அளவுகோலை அப்படியே தூக்கிவந்து உங்களிடம் நீட்டுகிறார்கள். பத்திரிகைத் தளத்தில் வாசகர் அதிக நேரம் இருந்தால் நல்லது. சான்றிதழ்த் தளத்தில் ஒருவர் இருபது நிமிடம் இருந்தார் என்றால் என்ன அர்த்தம்? மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். பலரும் போடும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற அளவுக் கருவியின் இப்போதைய பதிப்பு 10 வினாடிக்கு மேல் தங்கினாலே அதை 'ஈடுபாடுள்ள வருகை' என்கிறது. உங்கள் கேப்ட்சா படத்தில் இருப்பது பூஜ்யமா ஆங்கில எழுத்தா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கவே அதற்கு மேல் ஆகும். இதற்கு எதிர்ப்பக்கம், தாசில்தார் அலுவலகத் தொலைபேசி எண்ணைத் தேடி வந்து, முதல் பக்கத்திலேயே பார்த்து, குறித்துக்கொண்டு போனவரை 'உடனே வெளியேறிவிட்டார்' என்று பழைய அறிக்கைகள் சிவப்பில் காட்டும். அவர்தான் அன்றைக்கு உங்கள் தளத்தில் நிம்மதியாகப் போன ஒரே மனிதர்.

பழைய முறையில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை அடுத்த பக்கத்தைத் திறந்த நேரத்திலிருந்து கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். கடைசியாகப் பார்த்த பக்கத்துக்கு அடுத்த பக்கம் கிடையாதே. அதனால் அங்கே நேரம் பூஜ்யம். ஆனால் ஜனங்கள் தவித்து, கையைப் பிசைந்து, 'சரி, நாளைக்குப் பார்க்கலாம்' என்று எழுந்து போவது அந்தக் கடைசிப் பக்கத்தில்தான்.

அளவுகளில் எதையாவது ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்று சொன்னால், தேடல் பெட்டியைப் பாருங்கள் என்பேன். வாய் திறந்து, தன் சொந்தச் சொல்லில், எனக்கு இது வேண்டும் என்று மக்கள் உங்களிடம் பேசும் ஒரே இடம் அது. உங்கள் தளத்தில் 'பிறப்பிடச் சான்றிதழ்' என்று இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'நேட்டிவிட்டி' என்பார்கள். முதல் பட்டதாரிச் சான்று 'எஃப்.ஜி.', வில்லங்கச் சான்று 'ஈ.சி.'. சாதியை ஒருவர் ஜாதி என்று அடிப்பார், இன்னொருவர் ச்-ஐ விட்டுவிட்டுச் 'சாதி சான்று' என்பார், மூன்றாமவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். உங்கள் தேடல் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்துவிட்டு 'முடிவுகள் எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். இல்லை என்று நீங்கள் சொன்ன சொற்களை மாதம் ஒருமுறை அச்செடுத்து மேஜையில் வையுங்கள். அதை வாசிக்க எந்த மென்பொருளும் தேவையில்லை, தமிழ் தெரிந்த ஒரு கிளார்க் போதும்.

அந்தச் சொற்கள் பதிவேட்டில் இருக்கும், ஆனால் சொல்லாக இருக்காது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. 'தமிழ்' என்ற சொல் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், 5 குறிகள். அது சர்வருக்குப் போகும்போது 15 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதன்பின் இரண்டு எழுத்துமாக மாறி, மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்து நீளத்தில் பதிவேட்டில் கிடக்கும். பார்த்தால் ஏதோ வைரஸ் மாதிரி இருக்கும். சென்னையில் என் மேலாளர் ஒருவர் அந்த வரிகளை எல்லாம் 'குப்பை' என்று வடிகட்டி எறியச் சொன்னார். ஒரு வரி நிரலில் அவற்றைத் திரும்பத் தமிழாக்கிவிடலாம். அப்படி ஆக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எறியச் சொன்ன வரிகள்தான் மக்கள் தட்டச்சு செய்த தமிழ் என்று.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பழைய எழுத்துருவில் அடித்த பி.டி.எஃப். கோப்புகள். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முந்தைய அரசாணைகளும், பிறகும் பழக்க தோஷத்தில் பழைய எழுத்துருவிலேயே அடித்தவைகளும் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடலுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யாரும் அந்தப் பக்கங்களைப் பார்ப்பதில்லை என்று அறிக்கை சொன்னால், தேவையில்லாததால் பார்க்கவில்லையா, கண்ணில் படாததால் பார்க்கவில்லையா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு நீக்குங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. நான் இவ்வளவு சொல்வதைக் கேட்டுவிட்டு யாராவது உற்சாகமாக, பார்வையாளரின் ஒவ்வொரு அசைவையும் படம் பிடிக்கும் கருவியைக் கொண்டுவந்து பொருத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படிக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுட்டி எங்கே போனது, எதைத் தட்டினார், எதை அடித்து அழித்தார் என்று வீடியோ மாதிரி ஓட்டிக் காட்டும். கடைக்காரர்கள் பயன்படுத்தட்டும். ஆதார் எண்ணும் சாதியும் ஆண்டு வருமானமும் கணவன் இறந்த தேதியும் அடிக்கிற படிவத்தில் அது வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்ட கருவிகள் படிவத்தில் அடிக்கிற ரகசியத் தகவல்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகின்றன என்பதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-லேயே காட்டியிருக்கிறார்கள்.

அதே ஹெல்த்கேர்.கவ் இதற்கும் பாடம். ஜன்னலே இல்லாமல் ஆரம்பித்தவர்கள், பிறகு அளவு நிரல்களை நிறைய ஒட்டிவிட்டார்கள். 2015 ஜனவரியில் என்ன வெளிவந்தது தெரியுமா? விண்ணப்பித்தவரின் வயது, வருமானம், புகைபிடிப்பவரா, கர்ப்பிணியா என்பதெல்லாம் பக்கத்தின் முகவரி வழியாக வெளி நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் திருடவில்லை. முகவரியின் வாலில் அந்த விவரங்கள் ஒட்டியிருந்தன. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று பிரவுசர் சொல்லும்போது வாலும் சேர்ந்து போனது. செய்தி வந்தபின் குறைத்தார்கள். உங்கள் தளங்களில் விண்ணப்ப எண்ணோ போன் எண்ணோ முகவரிப் பட்டையில் தெரிகிறதா என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். எனக்குக் கடையில் தெரிகிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எல்லா வெளி நிரலுக்கும் தெரியும்.

பெயரை எடுத்துவிட்டால் ஆபத்தில்லை என்று சொல்வார்கள். 2006-இல் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சிக்கென்று சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல்களைப் பெயரை நீக்கி, எண் கொடுத்து வெளியிட்டது. சில நாளில் ஒரு பத்திரிகை, ஒரு எண்ணின் தேடல்களை மட்டும் வரிசையாகப் படித்து, அந்த மூதாட்டியின் வீட்டுக் கதவையே தட்டிவிட்டது. நம் கிராமங்களில் அவ்வளவு உழைப்புகூட வேண்டாம். ஊர்ப் பெயரோடு 'ஆதரவற்ற விதவைச் சான்று' என்று ஒரு தேடல் இருந்தால், அது யார் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் தேடல் சொற்களைக் கூட்டமாகப் பாருங்கள், ஆளோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

சட்டம் இதில் உங்களுக்குத் தாராளமாகவே இடம் விட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சான்றிதழ், உரிமம், மானியம் போன்றவற்றை வழங்குவதற்காக, சில நிபந்தனைகளோடு, தனியாகச் சம்மதம் கேட்காமலே அரசு தகவலைக் கையாளலாம் என்கிறது. கடைக்காரனைப் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். சாதிச் சான்றுக்கு வேறு தளம் கிடையாது. மறுத்துவிட்டுப் போக வழியில்லாதவரிடம் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

அளப்பதற்குத் தகவலை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. மடோமோ என்று ஒரு திறந்த நிரல் மென்பொருள் இருக்கிறது, பழைய பெயர் பிவிக். உங்கள் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐ.பி. முகவரியின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுச் சேமிக்கும்படி அதில் அமைக்கலாம், குக்கியே இல்லாமலும் ஓட்டலாம். பார்வையாளர் திரும்பி வந்தாரா என்பது துல்லியமாகத் தெரியாது. தெரிந்துதான் என்ன செய்யப்போகிறீர்கள்? நான்காம் படியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்கு அவர்கள் யார் என்று தெரிய வேண்டியதில்லை. கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்புக்கான துண்டு நிரலை ஒட்டிவிட்டு மறந்துபோன தளங்களும் உண்டு. அந்தப் பழைய பதிப்பு தகவல் வாங்குவதை 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. யாரும் படிக்காத அறிக்கை என்பதால் அது நின்றுபோனதும் யாருக்கும் தெரியவில்லை.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல அரசுத் தளங்களின் அடியில் 'இணையதளக் கண்காணிப்புக் கொள்கை' என்று ஒரு இணைப்பு இருக்கும். சொடுக்கிப் பாருங்கள். செயல்திறன், உடைந்த இணைப்புகள் என்று போய், தளத்துக்கு வருவோர் போக்கைத் தொடர்ந்து கவனித்து, எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வோம் என்ற பொருளில் ஒரு வரி அங்கே நிற்கும். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்த வரிதான். ஆனாலும் வாக்கு வாக்குதானே.

அந்த வாக்கைக் காப்பாற்ற என் யோசனை சின்னது. அடியில் ஓடும் கவுன்டரை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் போன மாதம் இந்தச் சேவையை ஆரம்பித்தவர் இத்தனை பேர், முடித்தவர் இத்தனை பேர் என்று இரண்டே எண் போடுங்கள். அமெரிக்காவில் 2015 முதல் அனலிட்டிக்ஸ்.யூஎஸ்ஏ.கவ் என்ற தளத்தில், இந்த நிமிடம் அரசுத் தளங்களில் எத்தனை பேர், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மந்திரியின் புகைப்படப் பக்கம் அங்கே முன்னால் நிற்பதில்லை. பார்சல் எங்கே வருகிறது, மழை வருமா, கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா என்ற பக்கங்கள்தான் நிற்கும். அந்தத் தளத்தின் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் முகப்பில் நாடா வெட்டுகிற படங்கள் வரிசையாக ஓடி முடிந்த பிறகுதான் 'விண்ணப்பிக்க' என்ற பொத்தான் தெரிகிறது. எதை மேலே வைப்பது என்று தீர்மானிக்க உங்களுக்கு வேறு ஆலோசகர் தேவையில்லை.

எண்ணால் முடியாத ஒன்றும் உண்டு. எந்தப் படியில் விழுந்தார்கள் என்று அது காட்டும், ஏன் விழுந்தார்கள் என்று காட்டாது. அந்த அடைப்புக்குறியை எந்த அறிக்கையும் கண்டுபிடித்திருக்காது. அதற்கு யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் வழி சொல்கிறேன். அறிக்கையில் எந்தப் படி சிவப்பாக இருக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு என் கடைக்கு வாருங்கள். என் கடைக்கே என்றில்லை, எந்தத் தாலுகா அலுவலகத்துக்கு எதிரிலும் இப்படி ஒரு கடை இருக்கும். ஜீப்பில் வராதீர்கள், ஜனங்கள் கலைந்துவிடுவார்கள். ஒரு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என்றால் ஏழரைக்கே.

இப்படிக்கு,
எதிர்வரிசை ஜெராக்ஸ் கடைக்காரன்